அலெக்ஸாண்ட்ரியா அடங்க மாட்டேங்குது!

ராத்திரி ரெண்டரை மணி. காலையில இன்டர்னல். ஹாஸ்டல்ல மொத்தப் பேரும் ஒண்ணு படிச்சுட்டு இருப்பாங்க, இல்லேன்னா தூங்கிட்டு இருப்பாங்க. நான் என்ன பண்ணிட்டு இருந்தேன் தெரியுமா? எகிப்துல வரியைக் குறைச்சுட்டு இருந்தேன்.

‘ரோம்: டோட்டல் வார்’ விளையாடினவங்களுக்கு இந்த வியாதி புரியும். 2004-ல இங்கிலாந்தின் ‘கிரியேட்டிவ் அசெம்ப்ளி’ கம்பெனி உருவாக்கின கேம். 2021-ல மெருகேத்தி மறுபடி விட்டாங்க. ஆனா, நான் விளையாடறது அந்தப் பழசுதான். நான் பிறக்கறதுக்கு முன்னாடியே வந்தது என்பதால், என் லேப்டாப்லகூட திணறாம ஓடும்!

கதை கி.மு. 270-ல ஆரம்பிக்கும். ஜூலி, புரூட்டி, சிப்பி என மூணு ரோமானியக் குடும்பங்கள். ஒண்ணை எடுத்துக்கிட்டு, கி.பி. 14-க்குள்ள ரோம் நகரையும் சேர்த்து 50 மாகாணங்களைப் பிடிக்கணும். வருஷத்துக்கு ரெண்டு டர்ன். ‘அவ்ளோதானே பாஸ்’னு நீங்க நினைப்பீங்க. நானும் அப்படித்தான் நினைச்சேன். சிப்பி குடும்பம், நீலக் கொடி, கையில காப்புவா, மெஸ்ஸானானு ரெண்டே ஊர். சிசிலியை முடிச்சு, கார்த்தேஜைத் தூக்கி, ஆப்பிரிக்கக் கரையோரமாவே போய் அலெக்ஸாண்ட்ரியா வரைக்கும் அடிச்சாச்சு. செம கெத்து!

தலைவலி அதுக்கப்புறம்தான்.

பிடிக்கிறது சுலபம் மக்களே, வெச்சுக்கிறதுதான் கஷ்டம். ஒவ்வொரு ஊர் மேலயும் குட்டியா ஒரு முகம் தெரியும். பச்சைன்னா ஜனங்க சந்தோஷமா இருக்காங்க, சிவப்புன்னா கல்லைத் தூக்கிட்டாங்கனு அர்த்தம். தலைநகர்லேர்ந்து ஊர் எவ்வளவு தூரமோ, அவ்வளவு அதிருப்தி. அங்கே நிக்கிறது எகிப்துக் கட்டடம், ஆளறது ரோமானியன்னா, அதுக்குத் தனியா ஒரு கடுப்பு. அதனால பழைய கோயிலை இடிச்சுட்டு நம்ம கோயிலைக் கட்டணும். காவலுக்கு நல்ல படையை நிறுத்தினா சம்பளம் கட்டுப்படியாகாது. அதுக்கு ஒரு குறுக்கு வழி உண்டு. ஊரை அடக்கி வைக்க தலை எண்ணிக்கைதான் கணக்கு, வீரம் இல்லை. ஸோ, மண்வெட்டி பிடிக்கிற ‘பெசன்ட்ஸ்’ யூனிட்டைக் கூட்டமா நிறுத்திடுவேன். சண்டைனு வந்தா முதல்ல ஓடறது அவங்கதான், அது வேற விஷயம்.

நம்ம குடும்பத்துப் பையனையே கவர்னரா அனுப்பலாம். ஆனா, பணம் புழங்கற ஊர்ல சும்மா உட்கார்ந்திருந்தா குடி, சோம்பேறித்தனம், ஊழல்னு எல்லாம் வந்து ஒட்டிக்கும். எங்க ஹாஸ்டல் ஃபைனல் இயர் ஸ்பெஷலிஸ்ட்டுகளை நேர்ல பார்த்தவனுக்கு இது அதிர்ச்சியே இல்லை!

நான் மாட்டினது வேற இடத்துல. ஆரம்பத்துல ஊர் வளரட்டும்னு எல்லா இடத்துலயும் வயல் மேல வயலா போட்டேன். சோறு இருந்தா ஜனம் பெருகும். ஜனம் பெருகினா நெரிசல், நாத்தம். கேம்ல இதுக்குப் பேர் ‘ஸ்குவாலர்’. அது ஏறினா கலவரம். சரி, சாக்கடை, குளியல் கூடம்னு கட்டினா, ஊர் ஆரோக்கியமாகி இன்னும் வேகமா ஜனம் பெருகுது! கோயிலை இடிக்கலாம், மார்க்கெட்டை இடிக்கலாம்... வயலை மட்டும் இடிக்கவே முடியாது. ஒரு தடவை போட்டா போட்டதுதான்.

இதுக்கு கேமர்ஸ் மத்தியில ரொம்ப காலமா ஒரு வைத்தியம் இருக்கு. படையை வெளியே எடுத்துட்டு, வரியை ஏத்தி, ஊரை வேணும்னே கலகம் பண்ண விடறது. அப்புறம் திரும்பப் பிடிக்கிறது. அப்போ மூணு பட்டன் வரும். சும்மா ஆக்கிரமிக்கலாம், அடிமையாக்கலாம், இல்லேன்னா ‘எக்ஸ்டெர்மினேட்’. மூணாவதை அமுக்கினா முக்கால்வாசி ஜனம் காலி. மிச்ச கால்வாசி பச்சை முகத்தோட வரி கட்டும். கஜானாவுல கொள்ளைப் பணம் வேற. அலெக்ஸாண்ட்ரியாவுல முப்பதாயிரம் பேர். அமுக்கிட்டேன்.

பின்னாடி நின்னு பார்த்துட்டு இருந்த ரூம்மேட், சிவில் இன்ஜினீயரிங் பார்ட்டி, “டேய், அவங்களுக்கு வயல் போட்டுக் கொடுத்தது நீதானேடா?”னு கேட்டான். அவ்வளவுதான் கேட்டான். தண்ணி பாட்டிலை எடுத்துட்டுப் போய்ப் படுத்துட்டான். நான் இன்டர்னலுக்கும் படிக்கலை, கேமும் விளையாடலை.

நிஜ ரோம் இதை பட்டன் இல்லாமலே செஞ்சிருக்கு. கி.மு. 146-ல கார்த்தேஜைத் தரைமட்டமாக்கி, மிஞ்சின ஜனங்களை அடிமைகளா வித்தாங்க. தலைமை தாங்கினது சிப்பியோ எமிலியானஸ். ஆமா, நான் விளையாடற அதே குடும்பத்துப் பேர்! ஊர் எரியறதைப் பார்த்து, நாளைக்கு ரோமுக்கும் இதே கதிதானேனு அவர் அழுதார்னு கூட இருந்த பாலிபியஸ் எழுதியிருக்கார். கேம் முடியற கி.பி. 14-லதான் அகஸ்டஸ் சீஸர் செத்துப் போறார். ‘இருக்கற எல்லையோட நிறுத்திக்குங்க’னு அவர் எழுதி வெச்சுட்டுப் போனதா டாசிடஸ் சொல்றார்.

சில வருஷத்துல (கேம் வருஷம்தாங்க) அலெக்ஸாண்ட்ரியா மறுபடி நிரம்பிடுச்சு. வயல் இருக்கே! இந்தத் தடவை தலைநகரை காப்புவாவுலேர்ந்து லெப்சிஸ் மேக்னாவுக்கு மாத்திப் பார்த்தேன். சிரிக்காதீங்க, 330-ல கான்ஸ்டன்டைன் தலைநகரையே கான்ஸ்டான்டினோபிளுக்குக் கொண்டு போனார். நடு ஊர்கள் எல்லாம் அடங்கிடுச்சு. அலெக்ஸாண்ட்ரியா மட்டும் சிவப்பு முகம்.

அந்தப் பட்டனை இன்னொரு தடவை அமுக்க கை வரலை. படையை வெளியே எடுத்துட்டு சும்மா விட்டுட்டேன். ஊர் கலகம் பண்ணி, பழைய எகிப்து அரசு கைக்கே போயிடுச்சு. அந்தப் பக்கம் ஒரு பெரிய நகரம், என் காசுல கட்டின சாக்கடையோட!

இப்போ கையில 46 மாகாணம். இன்னும் நாலு வேணும். சைரீன் வாசல்ல எகிப்துத் தேர்ப்படை வந்து நிக்குது. கோட்டைக்குள்ள என் பக்கம் ஆறு யூனிட் பெசன்ட்ஸ்.