கனவுக்கு ஒரு பொட்டலம் குடுங்க!

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்குப் போகும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள். பதினோராவது வளைவில் பஸ் திரும்பும்போது பக்கத்து ஸீட் நண்பர் என் காதருகே குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"ஸார், கனவு வர்றதுக்கு ஏதோ மூலிகை இருக்காமே... மலையிலதான் கிடைக்குமாம். தேடிப் பார்ப்போமா?"

எனக்கோ வயிறு புரண்டுகொண்டிருந்தது. "முதல்ல வாந்தி நிக்கறதுக்கு ஒரு மூலிகை தேடுய்யா!" என்றேன்.

நண்பர் சிரிக்கவில்லை.

அவர் ஆபீஸில் என் மேஜையிலிருந்து மூன்று மேஜை தள்ளி உட்காருகிறவர். வயது இருபத்தெட்டு. காலை ஐந்தரைக்கு அலாரம். ஆறே முக்காலுக்கு மின்சார ரயில். ராத்திரி படுக்கும்போது மணி பன்னிரண்டரை. படுத்த பிறகும் அரை மணி நேரம் கையில் செல்போன். அந்த போன்தான் அவருக்கு 'லூசிட் டிரீம்' என்ற விஷயத்தைச் சொல்லிக் கொடுத்திருக்கிறது. அதாவது, 'இது கனவு' என்று தெரிந்துகொண்டே காணும் கனவு. அதில் நீங்கள் பறக்கலாம். பாட்டுப் பாடலாம். யாரை வேண்டுமானாலும் வரவழைத்துப் பேசலாமாம்!

"எந்த நடிகைய்யா?" என்று கேட்டேன். பதில் இல்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெட்கம் என்று நினைத்துக்கொண்டேன்.

தெரிந்தே காணும் கனவு என்பது கட்டுக்கதையா? இல்லை. 1975 ஏப்ரலில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் கீத் ஹெர்ன் என்ற ஆராய்ச்சியாளர் இதை நிரூபித்துக் காட்டினார். கனவுத் தூக்கத்தில் கை கால் அசையாது. ஆனால் கனவு காணும்போது கண்விழி மட்டும் மூடிய இமைக்குள் உருளும். 'கனவு என்று தெரிந்ததும் கண்ணை இடமும் வலமுமாக ஆட்டு' என்று ஆலன் வொர்ஸ்லி என்பவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தார். அவரும் குறட்டை லோகத்திலிருந்து சமர்த்தாக ஸிக்னல் கொடுத்தார், கருவியில் பதிவானது. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டில் ஸ்டீபன் லபர்ஜ் என்பவரும் தனியாக இதையே செய்து காட்டினார்.

அப்படியானால், மூலிகை?

உலகம் பூராவும் தேடியிருக்கிறார்கள். மெக்ஸிகோவின் வஹாகா பகுதியில் சோந்தால் என்ற பழங்குடியினர் ஒரு செடியின் இலையைக் கொதிக்க வைத்துக் குடிக்கிறார்கள். காலேயா என்று பெயர். நம்மூர் நிலவேம்புக்குச் சித்தப்பா பிள்ளை போல ஒரே கசப்பு! அதைக் குடித்துவிட்டுப் படுத்தால் கனவில் சேதி வரும் என்பது நம்பிக்கை. 1986-ல் மெக்ஸிகோ ஆராய்ச்சியாளர்கள் இதைச் சிலருக்குக் கொடுத்துச் சோதித்தார்கள். கனவு அதிகம் வந்ததாகச் சொன்னார்கள், நிஜம்தான். கூடவே கருவி இன்னொன்றையும் சொன்னது: அந்த இலை ஆழ்ந்த தூக்கம் தரவில்லை. தூக்கத்தை மேலோட்டமாக்கி, அடிக்கடி விழிக்க வைத்தது.

இங்கேதான் சூட்சுமம். நாம் எல்லோரும் தினமும் கனவு காண்கிறோம். ஆனால் கனவின் நடுவிலோ, முடிந்த உடனேயோ விழித்தால்தான் அது ஞாபகத்தில் நிற்கும். 'எனக்குக் கனவே வராது' என்கிறவர்களில் பலருக்குக் கனவு வருகிறது; ஞாபகம்தான் வருவதில்லை.

விஞ்ஞானம் ஓரளவு ஒப்புக்கொள்ளும் சமாசாரம் ஒன்று உண்டு. ஐரோப்பாவில் பனிக்காலம் முடியும்போது பூக்கும் ஸ்நோடிராப் என்ற வெள்ளைப்பூச் செடி. அதன் கிழங்கிலிருந்து வந்தது கேலண்டமைன் என்ற மருந்து. மறதி நோயாளிகளுக்கு டாக்டர்கள் எழுதிக் கொடுப்பது. லபர்ஜ் குழுவினர் 2018-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில் 121 பேர் கலந்துகொண்டார்கள். நாலரை மணி நேரம் தூங்கி, எழுந்து, மாத்திரை போட்டு, அரை மணி நேரம் விழித்திருந்து, 'அடுத்த கனவில் இது கனவு என்று தெரிந்துகொள்வேன்' என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே மறுபடி படுக்க வேண்டும். அதிக அளவு மருந்து சாப்பிட்ட இரவில் 42 சதவிகிதம் பேருக்குத் தெரிந்தே காணும் கனவு வந்தது. குறைந்த அளவில் 27. ஒன்றுமில்லாத டூப் மாத்திரையில் 14.

அந்த 14-ஐக் கொஞ்சம் கவனியுங்கள். மருந்தே இல்லை! எழுந்து, சொல்லிக்கொண்டு, மறுபடி தூங்கியதற்கே அவ்வளவு. (கலந்துகொண்டவர்கள் ஏற்கெனவே கனவுப் பைத்தியங்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) மருந்துக்கோ குமட்டல் உண்டு, இதயத் துடிப்பைக் குறைக்கும் குணம் உண்டு. ஆசைக்கு வாங்கிச் சாப்பிடும் பொருள் அல்ல.

அது எப்படி வேலை செய்கிறது? அசிட்டைல்கோலின் என்று ஒரு ரசாயனம், நரம்புக்கு நரம்பு சேதி கொண்டு போகும் தபால்காரர். கனவு காணும் நேரத்தில் மூளையில் இவர் நடமாட்டம் அதிகம். கேலண்டமைன் அவரைச் சீக்கிரம் வீட்டுக்குப் போகவிடாமல் ஓவர்டைம் பார்க்க வைக்கிறது.

வேடிக்கை என்னவென்றால், இந்தத் தபால்காரரைக் கண்டுபிடிக்கக் காரணமே ஒரு கனவுதான்! ஆஸ்திரியாவில் ஆட்டோ லூவி என்ற விஞ்ஞானி ஒரு ராத்திரி கனவில் ஒரு சோதனையைக் கண்டார். பாதித் தூக்கத்தில் ஒரு சீட்டில் கிறுக்கி வைத்தார். காலையில் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை. (டாக்டருக்குப் படித்தவராச்சே!) அடுத்த ராத்திரி மூன்று மணிக்கு அதே கனவு மறுபடி வந்தது. இந்தத் தடவை சீட்டை நம்பவில்லை. நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடி, தவளை இதயங்களை வைத்து அதைச் செய்தே பார்த்துவிட்டார். 1936-ல் நோபல் பரிசு.

சரி, ஏற்காட்டுக்கு வருவோம். பஸ் நின்றுவிட்டது.

நண்பர் விடுகிறவராக இல்லை. பாதையோரம் இடுப்பளவு வளர்ந்திருந்த ஒரு செடியைக் காட்டினேன். இலையின் அடிப்பக்கம் வெளுப்பு. கசக்கினால் கும்மென்று வாசனை. மாசிபத்திரி. இதற்கு ஐரோப்பாவில் அக்கா ஒருத்தி உண்டு. அவள் இலையைத் தலையணைக்குள் திணித்துப் படுத்தால் நல்ல கனவு வரும் என்று அங்கே பாட்டிமார்கள் சொல்லி வந்தார்கள். வாசனை அருமை. மற்றபடி நம்பிக்கைதான். தலையணையோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கஷாயம் வேண்டாம்.

ஜாதிக்காய்? பாலில் ஒரு சிட்டிகை போடுவது பாட்டி வைத்தியம். 'சிட்டிகைக்கே தூக்கம் வந்தால் முழுக்காய்க்குக் கனவே வருமே' என்று கணக்குப் போட்டால் வாந்தி, படபடப்பு, ஒரு நாள் பூராவும் புத்தி பேதலிப்பு, கடைசியில் ஆஸ்பத்திரி.

மலை ஊர்த் தோட்ட வேலிகளில் இன்னொன்று இருக்கும். மணி மாதிரி தலைகீழாகத் தொங்கும் பெரிய பூ. சாயங்காலம் மணக்கும். போட்டோ எடுங்கள், அதோடு கும்பிடு போட்டு நகருங்கள். அது ஊமத்தைக்குச் சொந்தம். ஊமத்தை, நம் தபால்காரர் கடிதம் போடும் வாசலையே அடைத்துவிடும். வாய் உலரும், கண்மணி விரியும், இதயம் ஓடும். இல்லாத ஆளோடு பேச வைக்கும்; ஆனால் அது கனவு என்று கடைசிவரை தெரியவே தெரியாது. தெரிந்தே காணும் கனவுக்கு நேர் எதிரி! அந்தக் காலத்து வழிப்பறிக்காரர்கள் பயணிகளின் சாப்பாட்டில் கலந்தது இதைத்தான். எத்தனையோ பேர் விழிக்கவே இல்லை.

ஏரிக்கரைப் பக்கம் ஒருவர் பச்சைப் பொடியைப் பொட்டலமாக வைத்து விற்றுக்கொண்டிருந்தார். "இதுல என்ன இருக்கு?" என்று கேட்டேன். "எல்லாம் இருக்குங்க" என்றார். அதனால்தான் வாங்கவில்லை. என்ன செடி என்று தெரியாத பொடிக்குப் பயப்படுவது கோழைத்தனம் இல்லை.

வழியில் ஒரு பெரியவர். இந்த மலைக்காரர். மலையாளி என்று இவர்களைச் சொல்வார்கள். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசும் மலை மக்கள். காப்பித் தோட்டத்தில் வேலை. நண்பர் அவரையும் விடவில்லை.

"ஐயா, கனவு வர்றதுக்கு மூலிகை..."

பெரியவர் ஏற இறங்கப் பார்த்தார். "நாளைக்கு எங்கூடக் காப்பிப் பழம் பறிக்க வா கண்ணு. சாயங்காலம் படுத்தேன்னா மூலிகையாவது, மண்ணாவது!" என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டினார்.

சரியாகத்தான் சொன்னார். காப்பி என்றதும் இன்னொன்று. 1820-களில் சேலம் கலெக்டர் காக்பர்ன் இந்த மலைக்குக் கொண்டு வந்த செடி அது. தூக்கம் வரவழைக்கும் ரசாயனத்தின் இடத்தில் போய் உட்கார்ந்துகொள்வதுதான் காப்பியின் வேலை. குடித்து ஐந்து மணி நேரம் கழித்தும் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு ஒரு டம்ளர் குடித்தால் ராத்திரி பதினோரு மணிக்கும் அரை டம்ளர் உள்ளே! மது இன்னும் மோசம். சீக்கிரம் தூங்க வைத்து, முன்ராத்திரிக் கனவைத் திருடி, பின்ராத்திரியைக் கந்தலாக்கிவிடும். மலைக்குக் குப்பியோடு வரும் வாலிபர்கள் கவனிக்க.

அன்று ராத்திரி லாட்ஜ் வராந்தாவில் குளிருக்குப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். நண்பர் தானாகவே சொன்னார்.

"நடிகை இல்ல ஸார். அப்பா. போய் மூணு வருஷமாச்சு. அம்மா கனவுல வர்றாராம். தம்பி கனவுல வர்றாராம். எனக்கு மட்டும் வரலை. என் மேல ஏதாவது கோபமான்னு..."

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. தெரிந்ததைச் சொன்னேன்.

கனவுத் தூக்கம் ராத்திரி பூராவும் சமமாகப் பங்கிடப்படுவதில்லை. சுமார் ஒன்றரை மணிக்கு ஒரு தடவை வரும். முதலில் சில நிமிஷம்தான். விடிய விடிய நீண்டுகொண்டே போகும். பெரிய கனவுகள் எல்லாம் கடைசி இரண்டு மணி நேரத்தில். 'விடியற்காலைக் கனவு பலிக்கும்' என்று நம் வீடுகளில் சொல்வார்களே, பலிக்கிறதோ இல்லையோ, ஞாபகத்தில் நிற்பது அதுதான். பன்னிரண்டரைக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுகிறவர் அந்த நேரத்தைத்தான் அலாரத்துக்குத் தாரை வார்க்கிறார்.

"கோபம் இல்லைய்யா. உங்கப்பா வர்ற நேரத்துக்கு நீ ரயில்ல நிக்கறே."

நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் போனில் அலாரத்தை அணைத்தார். போனையும் அணைத்தார். பத்து மணிக்குப் படுத்தோம்.

காலை ஏழரைக்கு நான் எழுந்தபோது நண்பர் கட்டிலில் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"வந்தாரா?"

"தெரியல ஸார். சைக்கிள் வந்துது. எங்க பழைய சைக்கிள். நான் காரியர்ல உட்கார்ந்திருக்கேன். முன்னால ஒருத்தர் மிதிக்கறார். முதுகு மட்டும் தெரியுது. வேர்வையில நனைஞ்ச பனியன். திரும்பவே இல்லை."

"கூப்பிட்டியா?"

"இல்ல. கனவுன்னு தெரிஞ்சிருந்தா கூப்பிட்டிருப்பேன். தெரியலையே... சைக்கிள்ல போறதா நெனைச்சு, பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்."

தெரிந்தே கனவு காண ஆசைப்படுகிறவர்களுக்கு, லீவு நாள் விடியற்காலையில் மட்டும், அந்த 14 சதவிகித முறையைச் சிபாரிசு செய்கிறேன். செலவு கிடையாது. தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் வைத்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் எழுதுங்கள், புரிகிற கையெழுத்தில்! வார நாட்களில் வேண்டாம். இருக்கிற தூக்கத்தையும் உடைத்துக்கொண்டால் நஷ்டம் உங்களுக்குத்தான்.

நண்பருக்கு இன்னமும் அதே ஆறே முக்கால் ரயில்தான். அதை மாற்ற முடியாது. ஆனால் இப்போதெல்லாம் அவர் போன் ராத்திரி பத்து மணிக்குச் சமையலறை அலமாரிக்குப் போய்விடுகிறது.

"பத்து மணிக்கு மேல கூப்பிடாதீங்க ஸார்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் கூப்பிடுவதில்லை.