கல்வியே கட்டுச்சோறு

குறைந்த பணத்தில் உலகைச் சுற்ற இயலுமா என இளைஞர் பலர் வினவுகின்றனர். 1325-இல் தாஞ்சியரிலிருந்து தனியே புறப்பட்ட இபின் பதூதாவுக்கு, வழியெங்கும் சோறிட்டது அவர் கற்ற மார்க்கச் சட்டமே; டில்லியிலும் மாலைதீவிலும் காதிப் பதவி வகித்தார்.

1344-இல் நம் புத்தளக் கரையில் இறங்கியபோது, வெள்ளம் கொணர்ந்த கறுவாக் கட்டைகள் கரையெங்கும் குவிந்திருக்கக் கண்டார். மதுரைச் சுல்தானின் சகலர் என்பதும் ஆரியச் சக்கரவர்த்தியிடம் அவருக்கு உதவிற்று. உறவுமுறை எங்கேதான் உதவவில்லை!

மன்னன் முத்துக்கள் வழங்கினான். அவரோ பாவாதமலைக்குச் செல்லவே விரும்பினார். உடனே பல்லக்கு ஒன்றுடன் யோகியர் 4 பேர், அந்தணர் 3 பேர், துணைவர் 10 பேர், உணவு சுமப்போர் 15 பேர் புறப்பட்டனர். முஸ்லிம் யாத்திரிகருக்கு யோகியரும் அந்தணரும் வழித்துணை! மலையுச்சிக்கு இரும்புச் சங்கிலிகளைப் பற்றியே ஏறினர். அவை பத்து என எண்ணியும் எழுதிவைத்தார்.