பிடிஎஃப் திறக்குதா, இறங்குதா? முடிவு செய்வது ஒரே ஒரு வரி

வரிச்சிக்குடி, காரைக்கால் மாவட்டத்துக் கிராமம். தலைநகர் புதுச்சேரியோ சுமார் 130 கி.மீ. தள்ளி, நடுவில் தமிழ்நாட்டு மாவட்டங்கள். பஸ் ஏறாமல் ஒரு சான்றிதழ் கைக்கு வரணும்னா போன் அல்லது பக்கத்து பிரவுசிங் சென்டர்தான் வழி. அங்கே லிங்க்கைத் தட்டினால் சில தளங்களில் பிடிஎஃப் பிரவுசரிலேயே விரிகிறது. சிலவற்றில் ஒன்றுமே நடக்காத மாதிரி இருக்கும். தேடிப் பார்த்தால் டவுன்லோட்ஸ் ஃபோல்டரில் கிடக்கும். ஏன் இந்த வித்தியாசம்?

ஃபைலை அனுப்பும்போது சர்வர் அதோடு சில தகவல் வரிகளையும் சேர்த்து அனுப்புகிறது. இவற்றுக்கு ஹெடர் என்று பெயர். அதில் 'கன்டென்ட்-டிஸ்பொசிஷன்' என்ற வரியில் 'இன்லைன்' என்றிருந்தால் திரையில் காட்டு என்று அர்த்தம். 'அட்டாச்மென்ட்' என்றிருந்தால் சேமித்துக்கொள். இது முதலில் இமெயிலுக்காக 1990-களில் வந்த ஏற்பாடு. அட்டாச்மென்ட் என்ற சொல்லே அங்கிருந்து வந்ததுதான். இணையத்துக்கான தனி விதிமுறை 2011-ல் வெளியானது.

ஆப் எழுதுபவர்களுக்கு வேலை சுலபம். எக்ஸ்பிரஸில் 'ரெஸ்.டவுன்லோட்', ஜாங்கோவில் 'ஆஸ்_அட்டாச்மென்ட்', அவ்வளவுதான். சர்வரைத் தொடாமல், லிங்க்கிலேயே 'டவுன்லோட்' என்று ஒரு சொல் சேர்த்தும் பார்க்கலாம். ஆனால் ஃபைல் வேறு டொமைனில் இருந்தால் அது எடுபடாது. 2018-லிருந்து குரோமும் கண்டுகொள்வதில்லை. கிளவுடில் ஃபைலை வைத்துவிட்டு 'பட்டன் வேலை செய்யல' என்று புலம்புவது பெரும்பாலும் இதனால்தான்.

தமிழில் பெயர் வைத்தால் இன்னொரு தலைவலி. ஹெடர் ஆங்கில எழுத்துகளுக்காகவே உருவானது. 'பட்டா' என்று அப்படியே போட்டால் கட்டம் கட்டமாகவோ கேள்விக்குறிகளாகவோ வரலாம். அதற்காக ஒரு நட்சத்திரக் குறியோடு 'ஃபைல்நேம்*' என்ற தனி வடிவம் உண்டு. அதில் யுடிஎஃப்-8 முறையில், ஒவ்வொரு பைட்டையும் சதவீதக் குறி போட்டு எழுத வேண்டும். கம்ப்யூட்டர் கணக்கில் பட்டா என்பது 5 குறியீடுகள், 15 பைட். ஹெடரில் 45 எழுத்தாக நீளும். பார்க்க அசிங்கம்தான், ஆனால் போனில் பெயர் சரியாக வரும். பழைய பிரவுசருக்காக ஆங்கிலப் பெயர் ஒன்றையும் கூடவே கொடுத்து வைப்பது நல்லது.

பாதுகாப்பு வேறு இருக்கிறது. யாரோ அப்லோட் செய்த எச்டிஎம்எல் அல்லது எஸ்விஜி ஃபைலைத் தளம் திரையில் திறந்து காட்டினால், அதில் ஒளிந்திருக்கும் ஸ்கிரிப்ட் அந்தத் தளத்தின் பெயரிலேயே ஓடும், லாகின் பறிபோகலாம். அட்டாச்மென்டாக அனுப்பினால் அந்த வழி அடைபடும்.

அதற்காக எல்லாவற்றையும் டவுன்லோட் ஆக்குவதும் சரியல்ல. பலர் உட்காரும் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டரை நினைத்துப் பாருங்கள். இறங்கிய ஒவ்வொரு சான்றிதழும் அங்கேயே தங்கும்; அடுத்து வருபவர் திறக்கலாம். இ-ஆதாருக்குப் பாஸ்வேர்ட் உண்டு, சரி. அதுவும் பெயரின் முதல் 4 எழுத்தும் பிறந்த வருடமும்தான். தெரிந்தவருக்கு அது ஒரு பூட்டா? மற்ற சான்றிதழ்கள் பலவற்றுக்கு அதுகூட இல்லை. பார்த்துவிட்டு மூட வேண்டிய ஆவணத்துக்கு 'இன்லைன்' கொடுத்து, கேட்டால் மட்டும் இறக்கும் பட்டன் தனியாக வைப்பதே நியாயம். கேஷில் தங்காமலிருக்க 'நோ-ஸ்டோர்' என்ற ஹெடரையும் சேர்க்க வேண்டும்.

இன்காக்னிட்டோவில் திறந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். ஹிஸ்டரிதான் அழியும், இறங்கிய ஃபைல் அழியாது. பிரின்ட் எடுத்து முடித்ததும் கன்ட்ரோல்-ஜே அழுத்தி, ஃபைல் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று பார்த்து அழித்துவிட்டு, ரீசைக்கிள் பின்னையும் காலி செய்துவிட்டுக் கிளம்புங்கள்.