விறகு விற்ற படலம்: மயிலாப்பூர் அடுப்புகள் குறித்துச் சில குறிப்புகள்

சென்னையில் விறகைப் பற்றி எழுதத் தொடங்கும்போது ஒரு விஷயத்தை முதலில் ஒதுக்கிவிட வேண்டியிருக்கிறது. குளிருக்காக வீட்டைச் சூடாக்குவது என்பது இங்கே கிடையாது. மார்கழி விடியலில் 20 டிகிரிக்குக் கொஞ்சம் கீழே இறங்கினாலே மப்ளரைத் தேடுகிற ஊர் இது. ஐரோப்பிய நாவல்களில் விறகு என்றால் கணப்பு. அதைச் சுற்றி ஒரு குடும்பம், பேச்சு, தனிமை எல்லாம் வந்துவிடும். நம் விறகுக்கு அப்படியொரு கௌரவமான இடம் கிடைக்கவில்லை. சோறு பொங்க, வெந்நீர் போட, பிணம் எரிக்க. மூன்றுமே வீட்டின் பின்கட்டிலோ ஊரின் விளிம்பிலோ நடப்பவை. மயிலாப்பூர் பற்றிய நினைவுக் கட்டுரைகள் ஏராளம். டிகாஷன் வாசனை, கோலம், அறுபத்துமூவர் எல்லாம் அவற்றில் உண்டு. அடுப்பும் எரிந்துகொண்டேயிருக்கும். விறகு எங்கிருந்து வந்தது, யார் சுமந்தார்கள், யார் பிளந்தார்கள் என்ற கேள்வி மட்டும் எழாது. இந்த மௌனம் தற்செயலானதுதானா?

விறகு வந்த வழி முதலில் தண்ணீர் வழி. பக்கிங்ஹாம் கால்வாயின் வடபகுதி 1806இல் பாசில் காக்ரேன் என்ற வணிகரால் தொடங்கப்பட்டது. கூவத்தையும் அடையாற்றையும் இணைத்து மயிலாப்பூர் ஓரமாகப் போகும் துண்டு வெட்டப்பட்டது 1877-78இல், தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலையாக. பட்டினி கிடந்த உடல்கள் கூலிக்குத் தோண்டிய வாய்க்காலில்தான் நகரத்து அடுப்புகளுக்கு விறகு வந்து சேர்ந்தது. காற்று இருந்தால் பாய் விரிப்பார்கள். இல்லாவிட்டால் கரையில் நடந்தபடி ஆட்கள் கயிறு கட்டிப் படகை இழுக்க வேண்டும். தெற்கே கால்வாயின் கடைசி மரக்காணம். வடக்கே, புலிக்காட்டு ஏரிக்கும் கடலுக்கும் நடுவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாத் தீவின் காடுகள் சென்னைக்கு விறகு கொடுத்தவை. அங்கே காட்டு வேலை செய்தவர்கள் யானாதிப் பழங்குடியினர். எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட சாதிகள், பழங்குடிகள் பற்றிய தொகுதிகளில் அவர்களைப் பற்றி விரிவாகவே எழுதியிருக்கிறார். பிற்பாடு தீவை விண்வெளித் துறை எடுத்துக்கொண்டது. 1971இல் அங்கிருந்து முதல் ராக்கெட் கிளம்பியது. இன்று மெரினாவில் நின்றுகொண்டு ராக்கெட் விடும் புகைக்கோட்டை அண்ணாந்து பார்க்கிறோம். அந்தத் தீவின் பழைய புகை நம் சமையலறைக் கூரையில் கரியாகப் படிந்திருந்தது என்பது யாருக்கும் ஞாபகமில்லை.

1960களின் நடுவில் அடித்த புயல்களுக்குப் பின் கால்வாய்ப் போக்குவரத்து நொடித்துப்போக, விறகு லாரிக்கு மாறியது. மயிலாப்பூரில் கால்வாய்க்குள்ளேயே தூண் நட்டு, 1997இல் பறக்கும் ரயிலை ஓட்டிவிட்டார்கள். அதை விட்டுவிடலாம்.

சவுக்கைச் சொல்லாமல் சென்னை விறகைச் சொல்ல முடியாது. கடல் கடந்து வந்த மரம். 1856இல் ராயபுரத்திலிருந்து வாலாஜாவுக்கு ரயில் ஓடத் தொடங்கிய காலத்தில் எஞ்சின்களும் விறகைத்தான் தின்றன. ரயிலும் நகரமும் சேர்ந்து காடுகளைத் தின்ன ஆரம்பித்தபோது, உப்புக்காற்றையும் மணலையும் தாங்கி நாலைந்து வருஷத்தில் வெட்டுக்கு வந்துவிடும் சவுக்கு கடற்கரை நெடுக நடப்பட்டது. திருவான்மியூருக்குத் தெற்கே இன்று மனைகளாகவும் வில்லாக்களாகவும் இருக்கிற இடங்களில் சவுக்குத் தோப்புகள் இருந்தன. சவுக்கு கொழுந்துவிட்டு எரியும், சாம்பல் குறைவு, சற்று ஈரமிருந்தாலும் பற்றிக்கொள்ளும். விறகுத் தொட்டிக்காரர்களுக்கு இந்தக் கடைசிக் குணம் ரொம்பப் பிடித்திருந்தது. பச்சை மரத்தின் எடையில் பாதிவரைகூடத் தண்ணீர் இருக்கும். எடை போட்டு விற்கிற பண்டத்தில் தண்ணீரும் விறகு விலைக்கே போகும். வாங்கியவள் அதற்கு இரண்டு முறை விலை கொடுக்கிறாள்: தராசில் ஒருமுறை, அந்தத் தண்ணீரை ஆவியாக்கச் செலவாகும் சூட்டில் இன்னொருமுறை. மூன்றாவதாகக் கண்ணெரிச்சலையும் இருமலையும் சேர்க்கலாம். ஆனால் அதை யாரும் விலையாகக் கணக்கிட்டதில்லை. "கடங்காரன், ஈர வெறகா அனுப்பிச்சுட்டான்" என்று ஐப்பசி மழையில் ஊதுகுழலோடு மல்லுக்கட்டிய என் பாட்டியின் வசவு தொட்டிக்காரரைத் தாண்டிப் போனதில்லை. அவள் உலகத்தில் விறகு தொட்டியில்தான் விளைந்தது.

தொட்டிக்கும் அடுப்புக்கும் நடுவே ஒருவர் இருந்தார். மந்தைவெளியில் எங்கள் வீட்டுக்குக் கோடாலியோடு வருவார். அவர் பெயர் எங்களில் யாருக்கும் தெரியாது. 'வெறகு பொளக்கறவன்' என்றால் போதும். வாசல் வழியாக வர முடியாது, பக்கத்துச் சந்தால் கொல்லைக்குப் போக வேண்டும். தண்ணீர் தூக்கித்தான் ஊற்றப்படும். சின்ன வயசில் நான் வாய் பிளந்து பார்த்த ஒரே கலைஞர் அவர்தான். கட்டையை நிறுத்தி, வெட்டுமுகத்தில் ஏற்கெனவே ஓடியிருக்கும் விரிசலைத் தேடுவார். அந்தக் கோட்டில்தான் அடி விழும். கணுவுள்ள பக்கம் தொடவே மாட்டார். முரண்டு பண்ணும் கட்டைக்கு இரும்பு ஆப்பை வைத்துச் சம்மட்டியால் இறக்குவார். நார் நேராக ஓடும் சவுக்கு இரண்டு அடியில் பிளந்துவிடும். தூங்குமூஞ்சி மரம் பின்னிய நாரோடு கோடாலியைக் கவ்விக்கொள்ளும். "இது எரியவும் எரியாது, பொளக்கவும் பொளக்காது, யாருடா இத்த வாங்குனது?" என்பார். மரத்தின் உள்ளமைப்பைப் பற்றிய துல்லியமான அறிவு அது. நம் சொல்லாடலில் அதற்கு 'அறிவு' என்ற பெயர் கிடையாது. முரட்டு உடல், அவ்வளவுதான்.

தமிழின் மிகப் பிரபலமான விறகுக் கதையையும் இந்த இடத்தில் வைத்து வாசிக்கலாம். பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணத்தில் வரும் விறகு விற்ற படலத்தைப் பலரும் அறிந்திருப்பது ஏ. பி. நாகராஜனின் 1965ஆம் வருஷத்துப் படத்தின் வழியாகத்தான். வடக்கிலிருந்து வந்த ஏமநாதனை வெல்ல, பாணபத்திரனுக்காகச் சிவன் விறகு சுமந்து வருகிறான். தெருத்தெருவாய் அலைந்து, ஏமநாதன் தங்கிய வீட்டுத் திண்ணையில் சுமையை இறக்கிவிட்டுப் பாடுகிறான். பாணனிடம் இசை பயின்று, தகுதியில்லை என்று தள்ளப்பட்டவன் தான் என்கிறான். தள்ளப்பட்டவனே இப்படியென்றால் ஆசிரியன் எப்படியிருப்பான் என்று ஏமநாதன் இரவோடிரவாக ஓடிவிடுகிறான்.

கடவுள் ஏன் விறகு விற்பவனாக வர வேண்டும்? எளியவர்க்கு எளியவன் என்பது பக்திப் பதில். எனக்கு வேறொன்று தோன்றுகிறது. நகரத்தில் எவர் கண்ணிலும் படாமல் எங்கும் நுழையக்கூடிய உடல் அதுதான். மாறுவேடமே தேவையில்லாத மாறுவேடம். அந்தத் தலைச்சுமைக்குள் இசை இருக்க முடியாது என்று ஏமநாதன் மட்டுமல்ல, கதை கேட்கிற நாமும் நம்பினால்தான் கதை வேலை செய்யும். சுமந்து வந்தவன் நிஜமாகவே விறகு விற்பவனாக இருந்திருந்தால்? திண்ணையில் உட்கார விட்டிருப்பார்களா என்பதே சந்தேகம். இன்னொன்று: கதை முடியும்போது அந்த விறகு என்னவாயிற்று என்று நாம் யாரும் கேட்டதில்லை.

பொறுக்குவதற்கு வருவோம். ரைன் மாகாணச் சட்டமன்றம் காட்டில் உதிர்ந்த சுள்ளி பொறுக்குவதையும் திருட்டாக்க முனைந்ததை எதிர்த்து, 1842இல் 24 வயது மார்க்ஸ் பத்திரிகையில் தொடர்ந்து எழுதினார். பொருளாதாரக் கேள்விகளின் பக்கம் தன்னை முதலில் தள்ளியவற்றில் அந்த விவாதமும் ஒன்று என 1859இல் அவரே குறிப்பிட்டார். நாற்பது வருஷம் கழித்து இங்கே 1882ஆம் ஆண்டு மதராஸ் வனச் சட்டம் வந்தது. வழக்கமாகப் பொறுக்கிக்கொண்டிருந்தவர்கள் ஒதுக்குக் காட்டுக்குள் குற்றவாளிகளானார்கள். அந்தச் சட்டம் இப்போதும் தமிழ்நாட்டில் நடைமுறையில் இருக்கிறது. நகரத்துக்குள் இதற்கு வேறு வடிவம்: அடையாற்றில் மரம் என்பது பெரும்பாலும் சுற்றுச்சுவருக்குள் இருக்கிறது. 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, வேலி இல்லாமல் விறகு தெருவில் கிடந்தது. அரிவாளோடு வந்து கிளைகளைக் கழித்துத் தலையில் கட்டிக்கொண்டு போன பெண்களை அடையாற்றில் பார்த்தேன். மரம் போச்சே என்று நாங்கள் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்த வாரம். கேஸ் சிலிண்டர் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்த வாரமும்கூட.

இதெல்லாம் பழங்கதை என்று சொல்ல முடியாதபடி ஒரு செய்தி 2019 ஜூலையில் வந்தது. காஞ்சிபுரம், வேலூர் மாவட்டங்களில் மரம் வெட்டும் இடங்களிலிருந்து, குழந்தைகள் உட்பட 42 பேர் கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்டார்கள். முதியவர் ஒருவர் மீட்க வந்த அதிகாரியின் காலில் விழுந்து கிடந்த புகைப்படம் எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. கடன் ஆயிரம் ரூபாய் என்றார்கள். இந்தத் தொழிலில் இப்படிச் சிக்கி, மீட்கப்படுபவர்களில் அடிக்கடி வருவது இருளர் குடும்பங்கள். 'அட்வான்ஸ்' என்ற சொல்லில்தான் எல்லாமே ஒளிந்திருக்கிறது. கல்யாணத்துக்கோ வைத்தியத்துக்கோ வாங்கிய முன்பணம், அதைக் கழிக்க வெட்டு, வெட்டிய கூலியிலிருந்து சாப்பாட்டுக்குப் பிடித்தம், கடன் அப்படியே. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் 1976இல் வந்தது.

தி.நகரில் இப்போது 'விறகு அடுப்புச் சமையல்' என்று பலகை வைக்கிறார்கள். தம் பிரியாணிக்கு விறகுதான் ருசி என்கிறார்கள். இருக்கலாம், எனக்கும் பிடிக்கும். ஆனால் கவனியுங்கள்: பாட்டியின் கண்ணைக் கெடுத்த அதே புகை, இருமலும் கொல்லைச் சந்தும் கழிக்கப்பட்டு, வெறும் மணமாக விலைக்கு வருகிறது. பாட்டியின் கணக்கு நோட்டில் மூன்று வரிகள் இருந்தன: விறகு, வண்டிச் சத்தம், பிளக்கிற கூலி. பெயரில்லாவிட்டாலும் அந்த மனிதருக்கு ஒரு வரி இருந்தது. பலகையில் அதுவும் இல்லை.

போன வருஷம் தி.நகரில் ஒரு கல்யாண மண்டபத்தின் பின்புறம், ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தது. சவுக்கல்ல, சீமைக் கருவேலம். தீ தள்ளிக்கொண்டிருந்தவரிடம் எங்கிருந்து வருகிறது என்று கேட்டேன்.

"லோடு வரும் சார்."

"யார் வெட்றாங்க?"

"அது தெரியாது சார். லாரிக்காரன் எறக்கிட்டுப் போயிடுவான்."

கருவேலம் கோணல்மாணலாக வளரும் மரம். கட்டைகள் எல்லாம் ஒரே முழ நீளத்துக்கு, முள் கழித்து, சீராக வெட்டப்பட்டிருந்தன.