கோட்டை விட்ட ஓவியர்!

கொல்லிமலையின் வாழவந்தி நாட்டில், செம்மேட்டுக்குப் பக்கத்தில் சீக்குப்பாறை என்று ஒரு காட்சிமுனை இருக்கிறது. அங்கே நின்று கீழே பார்த்தால் வயல் எது, வரப்பு எது, வீடு எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒரு பச்சைத் திட்டு, அதன் ஓரத்தில் செம்மண் நிறத்தில் ஒரு கீற்று, நடுவே வெயில் பட்டு மின்னும் மஞ்சள், எல்லாவற்றுக்கும் மேலே போர்வை போல நகரும் பனிமூட்டம். இவ்வளவுதான் தெரியும்.

அதைப் பார்த்து யாரும் “எனக்குப் புரியலையே” என்று சொல்வதில்லை. “அடேங்கப்பா!” என்று வாய் பிளந்து நிற்கிறோம். செல்போனை எடுத்து நாலு படம் பிடிக்கிறோம்.

ஆனால், அதே திட்டுகளையும் கீற்றுகளையும் ஒருவர் எண்ணெய் வண்ணத்தில் தீட்டிச் சுவரில் மாட்டிவிட்டால் போதும், “இது என்ன படம்? ஒண்ணுமே புரியலையே!” என்று உதட்டைப் பிதுக்குகிறோம். மலை மேல் நின்றபோது கேட்காத கேள்வியைக் கண்காட்சியில் மட்டும் ஏன் கேட்கிறோம்?

இந்தக் கேள்வியைத் தமிழ்நாட்டில் பல ஆண்டுகள் எதிர்கொண்டவர்களில் ஒருவர், இந்த மலைக்குக் கிழக்கே இருக்கும் துறையூர்ப் பக்கத்துக்காரர். ஓவியர் கே.எம்.ஆதிமூலம்.

கீரம்பூரிலிருந்து எழும்பூருக்கு

ஒரு பக்கம் கொல்லிமலை, இன்னொரு பக்கம் பச்சைமலை. இரண்டுக்கும் நடுவே இருக்கிறது துறையூர் வட்டாரம். அங்குள்ள கீரம்பூர் கிராமத்தில், விவசாயக் குடும்பத்தில் 1938-ல் பிறந்தார் ஆதிமூலம். படம் வரைவதில் இருந்த ஆசை அவரை 1959-ல் சென்னைக்குக் கொண்டுவந்தது. சிற்பி எஸ்.தனபாலின் வழிகாட்டுதல் கிடைத்தது. 1961-ல் சென்னை ஓவியக் கல்லூரியில் சேர்ந்து, 1966-ல் படிப்பை முடித்தார்.

அவர் சேர்ந்த நேரம் முக்கியமானது. 1850-ல் அலெக்சாண்டர் ஹன்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளி அது. ஆதிமூலம் படித்தபோது அதன் தலைவராக இருந்தவர் கே.சி.எஸ்.பணிக்கர். ‘ஐரோப்பாவைப் பார்த்து வரைந்தது போதும், நம் மண்ணுக்கென்று ஒரு நவீன ஓவியம் வேண்டாமா?’ என்ற கேள்வி அந்த வளாகம் முழுக்கச் சுற்றிக்கொண்டிருந்தது. ஆதிமூலம் படிப்பை முடித்த அதே 1966-ல்தான், பணிக்கரின் முன்முயற்சியில் கடலோரத்தில் சோழமண்டலம் ஓவியர் கிராமமும் தொடங்கப்பட்டது.

‘மெட்ராஸ் இயக்கம்’ என்று இன்று அழைக்கப்படும் அந்த அலையில், பல ஓவியர்களுக்குப் பொதுவான ஒரு பலம் இருந்தது. அது கோடு. கோலத்திலும் கோயில் சிற்பத்திலும் ஊறிப்போன நம் ஊர்க் கோடு. அதில் தனி ராஜ்ஜியமே நடத்தினார் ஆதிமூலம்.

காந்தியும் ராஜாக்களும்

1969-ல் காந்தி நூற்றாண்டு வந்தது. அதையொட்டி காந்தியின் வாழ்க்கையை ஏறக்குறைய 100 கோட்டோவியங்களாக வரைந்தார் ஆதிமூலம். கறுப்பு மை, வெள்ளைக் காகிதம், அவ்வளவுதான். தபால்தலையிலும் ரூபாய் நோட்டிலும் பார்த்துப் பழகிய சாந்தமான காந்தி அல்ல அவர். கோடு கோடாகக் கீறி, அந்தக் கீறல்களுக்குள்ளிருந்து எழுந்து வரும் மனிதர். இன்றும் ஆதிமூலம் என்றால் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது அந்தக் காந்திதான்.

அடுத்து வந்தவர்கள் ராஜாக்கள். கொல்லிமலைக்காரர்களுக்கு ராஜா என்றால் வல்வில் ஓரி; ஒரே அம்பில் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்ததாகப் புறநானூறு புகழும் வீரன். ஆதிமூலம் வரைந்த ராஜாக்கள் அந்த ரகம் இல்லை. கிரீடம் இருக்கும், முறுக்கிய மீசை இருக்கும், நகை நட்டெல்லாம் இருக்கும். ஆனால், உள்ளே ஆள் உளுத்துப்போயிருப்பார். முன்னாள் சமஸ்தான அரசர்களுக்கு வழங்கப்பட்ட மன்னர் மானியம் 1971-ல் ஒழிக்கப்பட்டது. அந்தக் காலகட்டத்து இந்தியாவில் இந்த ராஜாக்களைப் பார்த்தவர்களுக்குச் சிரிப்பும் வந்திருக்கும், கொஞ்சம் பரிதாபமும் வந்திருக்கும்.

பத்திரிகை வழியே வீட்டுக்குள்

கண்காட்சிக்குப் போகிறவர்கள் எத்தனை பேர்? ஆனால், பத்திரிகை எல்லா வீட்டுக்கும் போகும். ‘நடை’, ‘கசடதபற’ போன்ற சிற்றிதழ்கள் புதுக்கவிதையோடு நவீன ஓவியத்தையும் சேர்த்தே தமிழ் வாசகர்களுக்குக் கொடுத்தன. அந்த வட்டத்தோடு நெருக்கமாக இருந்தார் ஆதிமூலம். புத்தகத் தலைப்புகளுக்கும் பத்திரிகைகளுக்கும் அவர் எழுதிய எழுத்துகளே தனி அழகு. அச்சுக்கூட எழுத்தின் விறைப்பு இல்லாமல், தூரிகையின் வேகம் தெரியும் தமிழ் எழுத்துகள் அவை.

பிறகு, ஜூனியர் விகடனில் கி.ராஜநாராயணனின் ‘கரிசல் காட்டுக் கடுதாசி’ வந்தது. கி.ரா-வின் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் ஆதிமூலத்தின் கோடு. சம்சாரி, கிழவி, காளை, கரிசல் மண் என எல்லாம் நாலு கீறலில் உயிரோடு வந்து நின்றன. நவீன ஓவியம் என்ற சொல்லையே கேள்விப்படாத வீடுகளிலும், அந்தப் பக்கங்கள் வழியே நவீன ஓவியம் நுழைந்துவிட்டது.

கோட்டை விட்டார்!

இப்படிக் கோட்டுக்காகவே கொண்டாடப்பட்ட ஒருவர் என்ன செய்வார்? அதையே கடைசிவரை வரைந்து பேரும் புகழுமாக இருந்துவிடலாம். கேட்டவர்களுக்கெல்லாம் இன்னொரு காந்தி, இன்னொரு ராஜா என்று கொடுத்துக்கொண்டே இருக்கலாம்.

ஆதிமூலம் தன் சொந்தப் படைப்புகளில் கோட்டை விட்டார்! கறுப்பு வெள்ளையிலிருந்து வண்ணத்துக்கு நகர்ந்தார். 1980-களில் அவருடைய எண்ணெய் வண்ண ஓவியங்களில் மனிதர் இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. எல்லையைக் காட்டும் கோடும் இல்லை. அடர்த்தியாகப் பூசிய வண்ணத் திட்டுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டும் விலகிக்கொண்டும் நின்றன. நீலத்துக்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் ஒரு துண்டு ஆரஞ்சு, பச்சையை அமுக்கும் மண் நிறம், எங்கிருந்தோ கசியும் வெளிச்சம். இவைதான் படம். இப்படி உருவம் இல்லாமல் வரைவதைத்தான் ‘அரூப ஓவியம்’ என்கிறார்கள்.

பத்திரிகைகளுக்குக் கோட்டோவியம் வரைவதை மட்டும் அவர் விடவில்லை. கரிசல் காட்டு மனிதர்கள் ஒரு பக்கம், மனிதரே இல்லாத வண்ணவெளி இன்னொரு பக்கம். இரண்டும் ஒரே கையில் பிறந்தன. “உருவம் வரையத் தெரியாதவர்கள்தான் இப்படிக் கிறுக்குவார்கள்” என்ற பழைய புகாருக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. நாலு கீறலில் காந்தியைக் கொண்டுவரத் தெரிந்தவர், தெரிந்தே அதை ஒதுக்கி வைத்தார்.

வடக்கிலும் ஒருவர் இதே போன்ற பாதையில் நடந்திருக்கிறார். சிம்லாவில் பிறந்த ராம் குமார் (1924-2018), தொடக்கத்தில் நகரத்து மனிதர்களின் சோகமான முகங்களை வரைந்தவர். 1960-ல் காசிக்குப் போய் வந்த பிறகு அவருடைய ஓவியங்களிலிருந்து மனிதர்கள் மெல்ல மறைந்தார்கள். படித்துறையும் வீடுகளும் ஆறும் கரைந்து வண்ணத் தளங்களாக மாறின. கேன்வாஸில் மட்டுமல்ல, காகிதத்திலும் எண்ணெய் வண்ணத்தால் நிறைய அரூப ஓவியங்கள் தீட்டினார் அவர்.

பஜ்ஜி பேப்பரும் எண்ணெய் வண்ணமும்

காகிதத்தில் எண்ணெய் வண்ணமா? பஜ்ஜி மடித்த பேப்பர் எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். எண்ணெய் வண்ணத்தை வெறும் காகிதத்தில் பூசினாலும் அதேதான் நடக்கும். வண்ணத்தைக் குழைத்திருப்பது பெரும்பாலும் ஆளிவிதை எண்ணெய். காகிதம் அதை உறிஞ்சிவிடும். வண்ணத்தைச் சுற்றி எண்ணெய்க் கறை வளையம் விழும். மேலே இருக்கும் வண்ணம் பசையிழந்து மங்கும். நாளாக ஆக அந்த எண்ணெயிலிருந்து உருவாகும் அமிலம் காகிதத்தின் நாரைத் தின்றுவிடும். காகிதம் பழுப்பேறி அப்பளம் போல நொறுங்கும்.

இதற்குத் தீர்வு பழையது. எண்ணெய்க்கும் காகிதத்துக்கும் நடுவே ஒரு தடுப்புப் பூச்சு போட வேண்டும். அந்தக் காலத்தில் வச்சிரப் பசை போன்றவற்றை மெல்லிசாகக் காய்ச்சித் தடவினார்கள். இப்போது கடையில் கிடைக்கும் அக்ரிலிக் பிரைமரே போதும். இங்கிலாந்து ஓவியர் ஜான் கான்ஸ்டபிள் 1821, 1822-ம் ஆண்டுகளில் ஹாம்ஸ்டெட் என்ற இடத்தில் திறந்தவெளியில் நின்று, நகரும் மேகங்களைக் காகிதத்தில் எண்ணெய் வண்ணத்தால் பிடித்தார். பல படங்களின் பின்பக்கம் தேதி, நேரம், காற்றின் திசை வரை எழுதி வைத்தார். மேகம் காத்திருக்காது; காகிதம் லேசானது, சட்டென்று எடுத்துப் போகலாம். அந்தப் படங்களில் பல 200 ஆண்டுகள் கழித்தும் நன்றாக இருக்கின்றன.

வீட்டில் ஓவியம் பழகும் பிள்ளைகள் இருந்தால் இதைக் கவனியுங்கள். கேன்வாஸ் விலை கட்டுப்படியாகவில்லை என்றால் காகிதம் நல்ல வழி. ஆனால் சார்ட் பேப்பர் வேண்டாம், 300 ஜி.எஸ்.எம் கனமுள்ள, அமிலம் நீக்கிய பருத்திக் காகிதம் வாங்குங்கள். பலகையில் டேப் போட்டு ஒட்டி, பிரைமரை இரண்டு முறை பூசி நன்றாகக் காயவிட்ட பிறகு வரையச் சொல்லுங்கள். வண்ணத்தை மெல்லிசாகப் பூசுவது நல்லது. அப்பளமாகப் பூசிவிட்டுக் காகிதத்தை வளைத்தால் வெடித்துவிடும். எண்ணெய் வண்ணம் தண்ணீர் போல ஆவியாகிக் காய்வதில்லை. காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து இறுகுகிறது. அதனால் தொட்டால் ஒட்டாத நிலைக்கு வரவே சில நாள்கள் ஆகும். உள்ளே முழுசாக இறுக மாதக்கணக்கில் ஆகும்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை: ஆளிவிதை எண்ணெய் துடைத்த துணிகளைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். அவை தானாகவே சூடேறித் தீப்பிடிக்கக்கூடும். விரித்து, வெளியில் காயவிடுங்கள். டர்பன்டைன் பயன்படுத்தினால் ஜன்னல் திறந்திருக்கட்டும்.

படம் முடிந்து காய்ந்த பிறகு, கண்ணாடியில் ஒட்டாமல் இடைவெளி விட்டு ஃப்ரேம் போடுங்கள். மழைக்கு ஓதம் ஏறும் சுவரில் மாட்டாதீர்கள். பூஞ்சையும் ராமபாணப் பூச்சியும் காகித ஓவியத்தின் ஜென்ம விரோதிகள்.

எப்படித்தான் பார்ப்பது?

அரூப ஓவியம் விடுகதை அல்ல. உள்ளே ஒளிந்திருக்கும் யானையையோ முகத்தையோ கண்டுபிடித்தால்தான் பாஸ் என்று எந்த விதியும் இல்லை. நாகஸ்வரத்தில் கல்யாணி கேட்கும்போது “இதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்கிறோமா? சொல்லே இல்லாமல் அது நம்மை ஏதோ செய்கிறது. வண்ணமும் அப்படித்தான்.

முதலில் கொஞ்சம் தள்ளி நின்று முழுப் படத்தையும் பாருங்கள். கண் முதலில் எங்கே போகிறது? அங்கிருந்து எங்கே நகர்கிறது? பிறகு பக்கத்தில் போங்கள். எந்த வண்ணம் முதலில் பூசப்பட்டது, எது அதன் மேல் ஏறியது, எங்கே சுரண்டப்பட்டது என்று தெரியும். ஓவியரின் கை நகர்ந்த தடம் அது. மறுபடி பின்னால் வாருங்கள். இரண்டு நிமிடம் போதும். அதற்குப் பிறகும் பிடிக்கவில்லையா? பரவாயில்லை. ‘பிடிக்கவில்லை’ என்பது நேர்மையான கருத்து. ‘எனக்கெல்லாம் இது புரியாது’ என்று நம்மை நாமே மட்டம்தட்டிக்கொண்டு நகர்வதுதான் தேவையில்லாதது.

ஆதிமூலத்தின் வண்ணவெளிகளைப் பலரும் நிலக்காட்சிகளாகவே பார்க்கிறார்கள். ஓவியத்தில் மலையின் உருவம் இருக்காது. மலைக்கு முன்னால் நிற்கும்போது மனதில் பரவும் அகலம் இருக்கும். மழைக்கு முந்தைய வானம், அறுவடை முடிந்த நிலம், தூரத்தில் தெரியும் ஏதோ ஒரு வெளிச்சம் என்று அவரவர் ஊர் அவரவருக்குத் தெரியும். துறையூர்ப் பக்கத்துக்காரர்களுக்கும் வாழவந்தி நாட்டுக்காரர்களுக்கும் அதில் என்ன தெரியும் என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும்.

2008 ஜனவரி 15 அன்று, பொங்கல் நாளில், ஆதிமூலம் மறைந்தார். அவருடைய ஓவியங்கள் டெல்லியிலுள்ள தேசிய நவீன ஓவியக் கூடத்தின் தொகுப்பில் இருக்கின்றன. 1962 முதல் 1996 வரையிலான கோட்டோவியங்கள் தனிப் புத்தகமாகவும் வந்திருக்கின்றன.

அவ்வளவு தூரம் போக முடியாதவர்கள் வீட்டுப் பரணைக் கொஞ்சம் துழாவிப் பாருங்கள். தாத்தாவோ அம்மாவோ தொடர்கதைகளைக் கிழித்து பைண்டு செய்து வைத்திருந்தால், பழைய ஜூனியர் விகடன் பக்கங்களில் அவருடைய கரிசல் காட்டு மனிதர்கள் இன்னும் அங்கே இருக்கக்கூடும். கிடைத்தால், எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.