துப்பறியும் கூட்டத்தார்

கானடா தேசத்து வான்கூவர் நகரில் சர்வகலாசாலையில் பயின்று வந்த 21 வயது யுவதி ஒருத்தி, 2013ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் கலிபோர்னியாவைச் சுற்றிப் பார்க்கத் தன்னந்தனியாகப் புறப்பட்டாள். லாஸ் ஏஞ்ஜலிஸ் நகரில் ஸெஸில் என்ற பழைய ஹோட்டலில் இறங்கினாள். அவளுடைய பெற்றோர் ஹாங்காங்கிலிருந்து கானடாவில் குடியேறியவர்கள். எங்கே சென்றாலும் தினந்தோறும் அவர்களுக்குத் தன் க்ஷேமத்தைத் தெரிவிப்பது அப்பெண்ணின் வழக்கம். ஜனவரி 31ஆம் தேதி அச்செய்தி வரவில்லை. அன்றைத் தினம் அவளைக் கண்டவர்களில் ஒரு புஸ்தகக் கடையின் நிர்வாகியும் உண்டு. வீட்டாருக்குக் கொடுப்பதற்காக அவள் பரிசுகள் வாங்கினாள் என்றும், வாங்குபவை வழியில் சுமப்பதற்குப் பாரமாகுமோ என்று யோசித்தாள் என்றும் அவர் பின்னர் தெரிவித்தார்.

அவள் பெயரை உலகம் அறியும். நாம் அதை இங்கே எழுதப் போவதில்லை. காரணம் போகப் போக விளங்கும்.

பெற்றோர் லாஸ் ஏஞ்ஜலிஸுக்கு ஓடி வந்தார்கள். போலீஸார் நாய்களைக் கொண்டு ஹோட்டல் முழுவதும், மேல்மாடி உட்படத் தேடியும் பயனில்லை. இரண்டு வாரம் சென்றது. பிப்ரவரி 14ஆம் தேதி, யாரேனும் அடையாளம் கண்டு தகவல் தரக்கூடும் என்ற நம்பிக்கையுடன், ஹோட்டல் லிப்டிலிருந்த காவல் காமிராவில் பதிந்த சில நிமிஷப் படமொன்றை வெளியிட்டார்கள். அதில் அப்பெண் லிப்டுக்குள் நுழைந்து பல பொத்தான்களை வரிசையாக அழுத்துகிறாள். வெளியே தலையை நீட்டி இருபுறமும் பார்க்கிறாள். மூலையில் ஒண்டி நிற்கிறாள். வெளியே சென்று யாருடனோ பேசுவதுபோல் கைகளை அசைக்கிறாள். கதவோ மூடாமல் நிற்கிறது. பிறகு அவள் போய்விடுகிறாள். படத்தில் உள்ளது இவ்வளவே.

இதைப் பார்த்தோர் தொகை கோடிக்கணக்காயிற்று. பார்த்தவர்களில் சில ஆயிரம் பேர் அன்று முதல் துப்பறிவாளராயினர். அவர்களிடம் பூதக்கண்ணாடி இல்லை, கம்ப்யூட்டர் இருந்தது. ஸம்பவம் நடந்த ஊரை அவர்களிற் பெரும்பாலோர் கண்டதில்லை. கண்டிருக்க வேண்டுமென்று எண்ணவுமில்லை. படத்தின் ஓட்டம் மெதுவாக்கப்பட்டிருக்கிறது என்றார் ஒருவர். இடையில் ஒரு நிமிஷம் வெட்டப்பட்டிருக்கிறது என்றார் மற்றொருவர். கதவோரத்தில் இன்னொருவரின் கால் தெரிகிறது என்றார் வேறொருவர். போலீஸார் கொலைகாரனை மறைக்கிறார்கள் என்றும், ஹோட்டல்காரர்கள் உடந்தை என்றும், இல்லை, பேய் பிடித்துவிட்டது என்றும் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். அக்காலத்தில் ஹோட்டலைச் சுற்றிய ஏழைகள் வட்டாரத்தில் க்ஷயரோகம் பரவியிருந்தது. அந்நோயைக் கண்டறியும் பரிசோதனையொன்றின் பெயரில் இப்பெண்ணின் பெயரின் இரு பகுதிகளும் தற்செயலாய் அமைந்திருந்தன. இதிலிருந்து அவளே நோய்க் கிருமியைப் பரப்ப அனுப்பப்பட்டவள் என்று ஒரு ஸித்தாந்தம் பிறந்தது! நாம் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. இதை நம்பியோர் உண்டு. மணிக்கணக்காக விளக்கியோரும் உண்டு.

பிப்ரவரி 19ஆம் தேதி விஷயம் வெளிப்பட்டது. குழாய்களில் தண்ணீர் சரிவர வரவில்லை என்றும், வரும் தண்ணீர் கறுத்து ருசி கெட்டிருக்கிறது என்றும் ஹோட்டலில் தங்கியவர்கள் முறையிட்டார்கள். பணியாள் ஒருவர் மேல்மாடிக்கு ஏறித் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தபோது, அதனுள் அப்பெண்ணின் பிரேதம் மிதந்தது. மரண விசாரணை அதிகாரியின் முடிவு நான்கு மாதம் கழித்து ஜூன் மாதத்தில் வெளிவந்தது. தவறி நீரில் மூழ்கியதால் நேர்ந்த மரணம். உற்சாகமும் சோர்வும் எல்லை மீறி மாறி மாறி வரும் மனநோய் அவளுக்கிருந்தது, அது முக்கியமான காரணங்களுள் ஒன்று. பிறர் தாக்கியதற்கான காயமில்லை. மருந்துகளை விதித்த அளவில் உட்கொள்ளவில்லை என்று பரிசோதனை காட்டியது. லிப்டில் அவள் நடந்துகொண்ட விதத்திற்கு இதைவிட வேறு விளக்கம் என்ன வேண்டும்? கதவு மூடாததற்கும், அதை நிறுத்தி வைக்கும் பொத்தானை அவள் அழுத்தியிருக்கிறாள் என்ற எளிய சமாதானமே போதும்.

கூட்டத்தாருக்கோ போதவில்லை. தொட்டியின் மூடி மூடியிருந்ததாக முதலில் ஒரு செய்தி பரவிவிட்டது. உள்ளே விழுந்தவள் கனமான மூடியை எவ்வாறு மூடினாள் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான்; அதை நாம் குறை கூற மாட்டோம். ஆனால் பிரேதத்தை முதன் முதலில் கண்ட பணியாள், மூடி திறந்தே இருந்தது என்று கோர்ட்டு விவகாரத்தில் பிரமாணமாய்ச் சொல்லியிருக்கிறார். கண்ணாற் கண்டவர் அவர் ஒருவரே. கண்டவர் சொன்ன பிறகும், மூடியிருந்தது என்ற வார்த்தை இன்றளவும் ஊர் ஊராய்த் திரிகிறது. நாம் வக்கீல் தொழில் நடத்திய நாளில் ஒரு சாட்சி, கைதி ஓடியதைத் தன் கண்ணால் கண்டதாகக் கூண்டில் ஏறி அடித்துச் சொன்னார். எங்கே நின்று பார்த்தீர் என்று கேட்டதும், 'ஊரே சொல்லிற்று, நான் வேறு பார்க்க வேண்டுமா?' என்றார். கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். அவர் பொய்யர் அல்லர். பலமுறை கேட்டதைக் கண்டதாகவே மனம் கொண்டுவிட்டது. கூண்டில் அவரைக் குறுக்கு விசாரணை செய்ய ஒருவர் இருந்தார். இணையத்தில் அப்படி ஒருவரும் இல்லை.

குறுக்கு விசாரணை இல்லாத நியாய ஸ்தலத்தில் குற்றவாளி கிடைக்காமல் போவதில்லை. இங்கே கிடைத்தவர் மெக்ஸிகோ தேசத்துச் சங்கீதக்காரர் ஒருவர். மரணத்தையும் பயங்கரத்தையும் பாடும் ஒருவகை உரத்த சங்கீதம் அவருடையது; முகத்திற்குக் கோரமான பூச்சு; பாட்டின் பொருளோ கொலை. ஸெஸில் ஹோட்டலில் அவர் தங்கியதும் உண்மையே. ஆனால் தங்கியது 2012ஆம் வருஷத்தில். அப்பெண் அங்கே வருவதற்கு ஓராண்டுக்கு முன்! அவள் மறைந்த சமயத்தில் அவர் அந்நகரிலேயே இல்லை. தேதியைப் பார்க்கத் தெரிந்த பள்ளிச் சிறுவன் விடுதலை செய்துவிடக்கூடிய வழக்கு இது. கூட்டத்தார் விடவில்லை. கொலைகாரன் என்று ஆயிரக்கணக்கில் கடிதம் எழுதினார்கள். உயிருக்கு உலை வைப்போம் என்றார்கள். அவர் தம் சங்கீதத்தை நிறுத்தினார். உயிரையும் மாய்த்துக்கொள்ள முயன்றதாகப் பின்னர் அவரே சொன்னார். அவர்மீது பழி சுமத்தியோரில் எத்தனை பேர் மன்னிப்புக் கேட்டார்களோ, நாமறியோம். பெரிய கூட்டம் ஒரு குற்றம் செய்தால், தனித்தனியே எவரும் செய்யவில்லை என்ற எண்ணம் ஒவ்வொருவருக்கும் வந்துவிடுகிறது.

அதே 2013ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் பாஸ்டன் நகரில் வெடிகுண்டு வெடித்தபோதும் இவ்விதமே நடந்தது. மார்ச் மாதத்திலிருந்து காணாமற் போயிருந்த 22 வயது மாணவர் ஒருவரை, இந்திய வம்சத்தவர், வெடிகுண்டு வைத்தவர் இவரே என்று கூட்டத்தார் கண்டுபிடித்தார்கள். மகனைத் தேடுவதற்காகக் குடும்பத்தார் இணையத்தில் ஏற்படுத்தியிருந்த பக்கத்தில் வசைகள் வந்து குவியவே, அவர்கள் அதையே எடுத்துவிட நேர்ந்தது. சில நாளில் அவருடைய பிரேதம் பிராவிடென்ஸ் நதியில் அகப்பட்டது. குண்டு வெடிப்பதற்கு வெகு முன்பே அவர் இறந்துவிட்டிருந்தார்.

நிற்க. இதெல்லாம் இணையம் வந்ததனால் விளைந்த கேடு என்று சொல்லி நாம் கையைக் கழுவிக்கொள்ள முடியாது. இந்த வித்தைக்கு ஆதி குருமார் பத்திரிகைக்காரர்களே. 1841ஆம் வருஷம் ஜூலை மாதம் 25ஆம் தேதி, நியூயார்க் நகரில் சுருட்டுக் கடையொன்றில் வேலை பார்த்துப் பிரசித்தி பெற்றிருந்த மேரி ராஜர்ஸ் என்ற யுவதி, உறவினர் வீட்டுக்குப் போவதாகச் சொல்லிச் சென்றவள் திரும்பவில்லை. மூன்றாம் நாள் ஹட்ஸன் நதியில், ஹோபோகன் கரையருகே அவள் உடல் கிடைத்தது. நகரத்துப் பத்திரிகைகளுக்கு மாதக்கணக்கில் அதுவே பேச்சு. ஒரு பத்திரிகை, அந்தப் பிரேதமே அவளுடையதல்ல என்று வாதாடிற்று. அவளுக்கு நிச்சயித்திருந்த மணமகன், அன்றைய தினம் தாம் எங்கெங்கே இருந்தார் என்பதற்குப் பிரமாணப் பத்திரங்கள் சேகரித்துக் காட்ட வேண்டியதாயிற்று. அக்டோபர் மாதத்தில் அவர் ஹோபோகனுக்கே சென்று விஷம் அருந்தி இறந்தார். அவரைக் கொன்றது துக்கமா, பத்திரிகைகளா என்று இன்று யார் சொல்ல முடியும்?

எட்கர் ஆலன் போ என்ற பெரிய கதாசிரியர் இவ்வழக்கைப் பாரிஸ் நகரில் நடந்ததாக மாற்றி, மேரி ரோஜே என்று பெயரிட்டு, 1842ஆம் ஆண்டு முடிவில் தொடர்கதையாக எழுதத் தொடங்கினார். ஸம்பவ ஸ்தலத்திற்குப் போகாமல், பத்திரிகைத் துணுக்குகளை மட்டும் வைத்துக்கொண்டு உண்மையைக் கண்டுவிடலாம் என்பது அக்கதையின் துணிபு. வீட்டில் உட்கார்ந்து துப்பறியும் கூட்டத்தார்க்கு இவரையே மூல புருஷர் என்னலாம். தொடர் முடியுமுன் ஹோபோகன் பக்கத்திலிருந்து புதிய செய்தி வந்தது. போ தம் கதையைப் புஸ்தகமாக்கியபோது அதற்கேற்பச் சில இடங்களைத் திருத்திக்கொண்டார். அத்தனை மேதைக்கும் இந்தக் கதி. மேரி ராஜர்ஸ் எப்படி இறந்தாள் என்பது இன்றுவரை தீரவில்லை.

நமது பத்திரிகையும் இதில் சுத்தமன்று. லிப்டுப் படத்தைப் பற்றிய செய்தி வந்தபோது 'மர்மம்' என்ற தலைப்பைப் பெரிய எழுத்தில் போட்டோம். அன்று பிரதிகள் நன்றாகச் செலவாயின. மரண விசாரணை முடிவு வந்தபோது, விளம்பரத்திற்குக் கீழே நான்கு வரி. அதைப் படித்தவர் இருப்பின் ஆச்சரியமே.

அப்படியானால் பொதுஜனங்கள் வாய்மூடி இருப்பதே கடமையா? இல்லை. 2021ஆம் வருஷம் அமெரிக்காவில், தன் காதலனுடன் வண்டியில் தேசசஞ்சாரம் சென்ற 22 வயதுப் பெண் காணாமற் போனாள். வயோமிங் மாகாணத்தில் குழந்தைகளுடன் யாத்திரை செய்துகொண்டிருந்த ஒரு குடும்பத்தார், ஆகஸ்டு 27ஆம் தேதி தாங்கள் பிடித்த படங்களைத் திரும்பப் பார்த்ததில், அப்பெண்ணின் வண்டி சாலையோரம் நிற்பது தெரிந்தது. உடனே அதிகாரிகளுக்கு அறிவித்தார்கள். செப்டம்பர் 19ஆம் தேதி அந்தப் பிரதேசத்திலேயே அவள் உடல் கிடைத்தது. அக்குடும்பத்தார் சொன்னது சாட்சியம். இந்த இடத்தில், இந்தத் தேதியில், இதைக் கண்டோம் என்றார்கள். அவன் முகத்தைப் பார்த்தால் கொலைகாரன் மாதிரி இருக்கிறது என்பது சாட்சியமல்ல. தொலைவிலிருப்பவரின் சாட்சியமும் மதிப்புடையதே. அருகிலிருப்பவரின் ஊகமும் ஊகமே.

அதிகாரிகளுக்கும் இதில் ஒரு பங்குண்டு. இங்கிலாந்தில் லங்காஷயர் ஜில்லாவின் சிறு கிராமமொன்றில், 2023ஆம் வருஷம் ஜனவரி 27ஆம் தேதி, இரு குழந்தைகளின் தாய் ஒருவர் நாயுடன் ஆற்றோரம் உலாவச் சென்று மறைந்தார். அவருடைய டெலிபோன் ஒரு பெஞ்சின்மேல் கிடந்தது. அவர் ஆற்றில் விழுந்திருக்க வேண்டும் என்பது போலீஸாரின் கருத்து. அந்தக் கருத்தே சரியென்று பின்னர் ஆயிற்று. ஆனால் அவர்கள் பேச வேண்டியபோது பேசவில்லை. அந்த இடைவெளியில் வெளியூரார் காமிராவுடன் வந்து குவிந்தார்கள். காலி வீடுகளுக்குள் எட்டிப் பார்த்தார்கள். காட்டில் மண்ணைத் தோண்டினார்கள். கணவர் ஸ்தானத்திலிருந்தவரைக் கொலைகாரன் என்றார்கள். கூட்டத்தைக் கலைக்கப் போலீஸார் உத்தரவு போட வேண்டியதாயிற்று. கடைசியில் போலீஸார் வாய் திறந்தபோது, அந்த அம்மாளின் தேக நிலையைப் பற்றிய அந்தரங்க விஷயத்தை உலகறியச் சொன்னார்கள். இது மௌனத்தைவிட மோசமான தவறு. அவ்வருஷ இறுதியில் வெளிவந்த பரிசீலனை அறிக்கையும் இதைக் கண்டித்தது. பிப்ரவரி 19ஆம் தேதி அவர் உடல் அதே ஆற்றில், சிறிது தூரம் கீழே, கிடைத்தது. தவறி விழுந்து மூழ்கியதே காரணம் என ஜூன் மாத விசாரணை முடிவாயிற்று.

கூட்டத்தாரை எல்லாம் துஷ்டர் என்று நாம் சொல்லவில்லை. பலர் தனிமையில் வாடுபவர்கள். முன்பின் அறியாத பெண்ணொருத்தியின் பொருட்டு இராக்காலங்களில் கண்விழித்து அழுதவர்களும் இருக்கிறார்கள். லாஸ் ஏஞ்ஜலிஸில் இறந்த அப்பெண்ணைப் பற்றிப் பல வருஷங்கள் ஆராய்ந்த ஒருவர், கானடாவிலுள்ள அவள் கல்லறைக்கு ஒரு நண்பரை அனுப்பி, தம் சார்பாக அக்கல்லைக் கையால் தொடச் சொல்லி, அதைப் படம் பிடித்து வரும்படி செய்தார். அதைக் கண்டு அவர் மனம் ஆறியதாம். அவர் துயரம் பொய்யென்று நமக்குத் தோன்றவில்லை. ஆனால் அக்கல் யாருக்குச் சொந்தம்? அதனருகே செல்ல உரிமையுள்ள தாயும் தந்தையும் சகோதரியும் உயிருடன் இருக்கிறார்கள். அவர்களிடம் யாரேனும் அனுமதி கேட்டார்களா?

பெற்றோர் ஹோட்டல்காரர்மீது வழக்குத் தொடுத்தார்கள்; அது 2015ஆம் வருஷம் தள்ளுபடியாயிற்று. 2021ஆம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் இவ்விஷயமாக நான்கு பகுதிகள் கொண்ட படமொன்று வெளிவந்தது. போலீஸ் அதிகாரிகள், ஹோட்டல் நிர்வாகி, கூட்டத்தாரில் சிலர், அபவாதத்திற்கு ஆளான சங்கீதக்காரர் ஆகியோர் அதில் பேசுகிறார்கள். அவள் குடும்பத்தார் அதில் தோன்றவில்லை.