உறங்கும் வீட்டுக்கும் மூச்சு வேண்டும்!

கேரவன் என்றதும் நமக்குச் சினிமா நட்சத்திரங்கள் ஓய்வெடுக்கும் வண்டிதான் நினைவுக்கு வரும். இங்கிலாந்திலோ அது நடுத்தரக் குடும்பங்களின் விடுமுறை வீடு. அடுப்பு, படுக்கை, அலமாரி எல்லாம் அதற்குள்ளேயே உண்டு. காரின் பின்னால் மாட்டி, குழந்தைகள் சகிதம் கடற்கரைக்குக் கிளம்பிவிடுவார்கள். இந்த உல்லாசத்துக்கு வழிகாட்டியவர் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்னும் டாக்டர். 1885-ஆம் ஆண்டில் 'வாண்டரர்' என்ற வண்டியைக் கட்டச் செய்து, குதிரைகளைப் பூட்டி ஊர் ஊராகச் சுற்றினார் அவர். 1907-இல் கேரவன்காரர்களுக்கென்று ஒரு கிளப்பே தோன்றிவிட்டது.

கோடை கழிந்ததும் வண்டிக்கு ஓய்வு. இலையுதிர் காலத்தில் பூட்டினால், பல குடும்பங்கள் வசந்தத்தில்தான் மறுபடி திறக்கும். அப்போது சில இல்லத்தரசிகளுக்குக் காத்திருப்பது என்ன தெரியுமா? மெத்தையில் கறுப்புப் புள்ளிகள், அலமாரியில் பூசணம், மூக்கைத் துளைக்கும் மக்கிய வாடை!

"காற்றுக்கூட நுழையாமல் மூடிவிட்டுத்தானே போனோம்?" என்று திகைப்பார்கள். அப்படி மூடியதுதான் வினை! அடைபட்ட காற்றிலும் ஈரம் உண்டு. ஐஸ் தண்ணீர் நிரப்பிய டம்ளர் வெளியே வியர்க்கிறதல்லவா? அதைப் போலவே பனிக்காலத்தில் குளிர்ந்துபோன சுவரும் ஜன்னலும் உட்புறம் வியர்க்கின்றன. அந்த ஈரத்தில் பூசணம் குடியேறுகிறது. ஆஸ்துமா உள்ள குழந்தை அந்த மெத்தையில் படுத்தால் இழுப்பு அதிகமாகக்கூடும்.

ஆகவே விவரம் தெரிந்தவர்கள் முதலில் தொட்டியிலும் குழாய்களிலும் உள்ள தண்ணீரை வடித்துவிடுகிறார்கள். இல்லாவிட்டால் அது உறைந்து குழாயையும் வெடிக்கச் செய்யும். மெத்தை, திரை, கம்பளிகளை வீட்டுக்கு எடுத்துப் போகிறார்கள். இடமில்லையென்றால் மெத்தைகளைச் சுவரில் ஒட்டாமல் நிமிர்த்தி வைக்கிறார்கள். அலமாரிகளையும் ஃபிரிட்ஜையும் துடைத்து உலர்த்தி, கதவுகளைத் திறந்தே விடுகிறார்கள். காற்றுத் துவாரங்களை ஒருபோதும் அடைப்பதில்லை. கசியும் காஸ் வெளியேறவும் அவைதான் வழி. வண்டியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றாமல், காற்றோட்டமுள்ள உறையால் மூடுகிறார்கள். கால்ஷியம் குளோரைடு உப்பை ஒரு பாத்திரத்தில் வைத்தால் அது ஈரத்தை உறிஞ்சித் தண்ணீராகிவிடும். அவ்வப்போது கொட்ட வேண்டும். ஆனால் உப்பு உதவிக்குத்தான். மாதம் ஒரு முறை மழையில்லாத நாளில் போய் ஜன்னல்களைத் திறந்துவிடுவதே மேல்.

இன்னொரு எதிரி மழை. பல கேரவன்களுக்கு எலும்புக்கூடு மரம். மேல்தோல் அலுமினியத் தகடு. தகடுகள் சேரும் இடத்தில் பூசிய பசை நாளடைவில் வெடித்துவிடும். வெளியே பளபளப்புக் குறையாமலிருக்க, உள்ளே மரம் உளுத்துக்கொண்டிருக்கும். அதனால்தான் ஆண்டுக்கொரு முறை சுவரில் கருவியை வைத்து ஈரத்தை அளக்கிறார்கள். 15 சதவிகிதம் வரை கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 30-ஐத் தாண்டினால் மரமே கெட்டிருக்கலாம். பழைய வண்டியானால் ரிப்பேர்ச் செலவு வண்டியின் விலையையே விழுங்கிவிடும்.

இவ்வளவு பாடும் எதற்கு? வசந்தத்தில் கதவைத் திறந்த அன்றைக்கே, குழந்தைகளைத் தைரியமாக அந்த மெத்தையில் படுக்க வைக்கத்தான்!